பல்ஸ் கொடுத்துக் காந்தமாக்கும்போது சுழல் மின்னோட்டம் உண்மையில் எங்கே தடுக்கிறது?

கேள்வி இதுதான்: கெபாசிட்டர் பேங்கில் சேர்த்து வைத்த மின்சாரத்தை ஒரு காயில் வழியாக ஒரே வீச்சில் இறக்கி, உள்ளே வைத்த நியோடிமியம் கட்டியைக் காந்தமாக்குகிறோம். அந்தக் கட்டி ஓர் உலோகம், மின்சாரம் கடத்தும். சட்டென்று ஏறும் காந்தப்புலம் அதற்குள் சுழல் மின்னோட்டத்தைக் கிளப்பும். லென்ஸ் விதிப்படி அந்த மின்னோட்டம் வந்த புலத்தையே எதிர்க்கும். அப்படியானால் வெளிப்புறம் மட்டும் முழுதாகக் காந்தமாகி நடுப்பகுதி அரைகுறையாக நின்றுவிடாதா? வோல்டேஜைக் கூட்டினால் சரியாகிவிடுமா?

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். தடுக்கும். ஆனால் நான் பார்த்த வரையில் பத்துக்கு எட்டு முறை தடுப்பது காந்தம் இல்லை. அதைச் சுற்றியோ அதன் பின்னாலோ இருக்கும் வேறு உலோகம்தான். வோல்டேஜைக் கூட்டுவது பெரும்பாலும் தவறான மருந்து. பல்ஸை நீட்டுவதுதான் சரியான மருந்து. ஏன் என்பதைக் கொஞ்சம் கணக்கோடு பார்த்தால்தான் எந்த இடத்தில் பயப்பட வேண்டும், எந்த இடத்தில் பயமே வேண்டாம் என்பது விளங்கும்.

எவ்வளவு புலம் தேவை என்பதிலிருந்து தொடங்குவோம். அலுமினியம்-நிக்கல்-கோபால்ட் கலந்த அல்நிக்கோ காந்தத்துக்கு 0.3, 0.4 டெஸ்லா போதும். இரும்பு ஆக்சைடால் செய்த பீங்கான் போன்ற ஃபெரைட்டுக்குச் சுமார் 1 டெஸ்லா. நியோடிமியம்-இரும்பு-போரான் காந்தத்தை முழுமையாக நிரப்ப 2.5 முதல் 3 டெஸ்லா வேண்டும். சமாரியம்-கோபால்ட்டில் 2:17 வகை 4 டெஸ்லா வரை கேட்கும், சில தரங்கள் அதற்கும் மேல் கேட்கும். இரும்புக் கரு போட்ட மின்காந்தம் 2 டெஸ்லாவைத் தாண்டத் திணறும், ஏனென்றால் இரும்பே ஏறத்தாழ 2.1 டெஸ்லாவில் நிறைந்துவிடுகிறது. ஆகவே கரு இல்லாத காயிலில் ஆயிரக்கணக்கான ஆம்பியர் ஓட்ட வேண்டியிருக்கிறது. தொடர்ந்து ஓட்டினால் செம்பு உருகிவிடும் என்பதால் சில மில்லி விநாடிக்குள் வேலையை முடித்துக்கொள்கிறோம். அந்த அவசரம்தான் சுழல் மின்னோட்டத்தையும் கூட்டிக்கொண்டு வருகிறது. மீக்கடத்திக் காயிலில் நிதானமாகப் புலத்தை ஏற்றினால் இந்தக் கேள்வியே எழாது.

இப்போது ஒரு காந்தத்தைக் கையில் எடுத்துக்கொள்வோம். 50 மி.மீ. விட்டமுள்ள நீண்ட நியோடிமியம் உருளை. காயிலின் புலம் 3 டெஸ்லா உச்சத்தைத் தொட்டு, மொத்தம் 2 மில்லி விநாடியில் ஏறி இறங்கும் அரைச் சைன் வடிவப் பல்ஸ். ஆரம்பத்தில் புலம் ஏறும் வேகம் விநாடிக்கு சுமார் 4,700 டெஸ்லா. இந்த வேகத்தில் உருளையின் விளிம்பில் மீட்டருக்கு 59 வோல்ட் அளவுக்கு மின்புலம் தூண்டப்படும். சின்டர் செய்த, அதாவது பொடியை அழுத்திச் சூட்டில் இறுக்கிய, நியோடிமியத்தின் மின்தடை எண் சுமார் 1.5 மைக்ரோ ஓம்-மீட்டர். வகுத்துப் பார்த்தால் விளிம்பில் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் கிட்டத்தட்ட 39 ஆம்பியர் சுற்றி வருகிறது. வீட்டு வயரிங்கில் சதுர மில்லிமீட்டருக்கு இதில் ஒரு பகுதியைத்தான் ஓட விடுவோம். அதோடு ஒப்பிட்டால் இது பெரிய மின்னோட்டம்தான்.

அப்படியானால் காந்தம் சூடாகிக் கெட்டுப்போகுமா? போகாது. இந்த மின்னோட்டம் இருப்பது 2 மில்லி விநாடி. அதில் பிறக்கும் வெப்பத்தைக் கணக்குப் போட்டால் விளிம்பிலேகூட ஒரு டிகிரி செல்சியஸ் ஏறாது. ஒற்றைப் பல்ஸில் சூடாவது காயில்தான். காந்தத்தின் சூட்டைப் பற்றிய கவலையை இங்கேயே விட்டுவிடலாம்.

கவனிக்க வேண்டியது தாமதம். சுழல் மின்னோட்டம் புலத்தை நிரந்தரமாக வெளியே நிறுத்திவைப்பதில்லை. பொருளின் மின்தடை அந்த மின்னோட்டத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறது, அது தேயத் தேயப் புலம் உள்ளே இறங்குகிறது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: உள்ளே இறங்க எடுக்கும் நேரம் பெரிதா, பல்ஸின் நேரம் பெரிதா? நீண்ட உருளைக்கு இந்த இறங்கு நேரத்தைக் கணக்கிடுவது எளிது. காந்த உட்புகுதிறனை (பொருள் காந்தப்புலத்தை எவ்வளவு எளிதில் ஏற்கிறது என்ற எண்) மின்கடத்து எண்ணால் பெருக்கி, ஆரத்தின் வர்க்கத்தால் பெருக்கி, 5.8-ஆல் வகுக்க வேண்டும். ஆரத்தின் வர்க்கம் என்பதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். விட்டம் இரண்டு மடங்கானால் தாமதம் நான்கு மடங்காகும்.

மேலே சொன்ன 50 மி.மீ. நியோடிமியம் உருளைக்கு இது வெறும் 0.1 மில்லி விநாடிதான் வருகிறது. 2 மில்லி விநாடிப் பல்ஸின் முன்னால் இது ஒன்றுமில்லை. நடுவில் கிடைக்கும் உச்சப் புலம் வெளியே இருப்பதைவிட 1 சதவீதம்தான் குறையும். அதே காந்தம் 100 மி.மீ. விட்டத்தில் இருந்தால் தாமதம் 0.4 மில்லி விநாடிக்கு அருகில் போய்விடும், நடுவில் சுமார் 13 சதவீதம் இழப்போம். 3 டெஸ்லா அடித்தால் 2.6 டெஸ்லாதான் போய்ச் சேரும். இதை அலட்சியப்படுத்த முடியாது. பல்ஸை 10 மில்லி விநாடிக்கு நீட்டினால் இந்தக் குறையும் 1 சதவீதத்துக்குள் அடங்கிவிடும்.

ஃபெரைட்டுக்குள் இந்தத் தொல்லையே கிடையாது. அது நடைமுறையில் ஒரு மின்காப்புப் பொருள். அதன் மின்தடை எண் நியோடிமியத்தைவிடக் கோடிக்கணக்கான மடங்கு அதிகம். பிசினோடு பொடி கலந்து அச்சில் வார்த்த பாண்டட் காந்தங்களிலும் பொடித் துகள்களுக்கு நடுவே பிசின் இருப்பதால் பெரிய சுற்றாக மின்னோட்டம் ஓட முடியாது. மறுபக்கம் அல்நிக்கோ. நியோடிமியத்தைவிட மூன்று மடங்கு நன்றாகக் கடத்தும், உட்புகுதிறனும் நாலைந்து மடங்கு. அதே 50 மி.மீ. உருளை அல்நிக்கோவாக இருந்தால் இறங்கு நேரம் 1 மில்லி விநாடியைத் தொடும். நல்லவேளையாக அதற்குத் தேவையான புலம் குறைவு என்பதால் சாதாரண மின்காந்தத்தில் மெதுவாகவே காந்தமாக்கிவிடலாம். பெரிய அல்நிக்கோ வார்ப்பைக் குறுகிய பல்ஸில் காந்தமாக்கப் பார்ப்பதுதான் வம்பு.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. பல கணக்குகளில் இது விடுபட்டுப்போவதைப் பார்த்திருக்கிறேன். நியோடிமியத்தின் சார்பு உட்புகுதிறன் 1.05 என்று கையேடுகளில் போட்டிருக்கும். அது ஏற்கெனவே காந்தமாகிவிட்ட பொருளுக்கான எண். நாம் காயிலுக்குள் வைப்பது இன்னும் காந்தமாகாத பொருள். அதற்குள் இருக்கும் டொமைன்கள் (தனித்தனியே ஒரு திசையில் காந்தமாகியிருக்கும் நுண்பகுதிகள்) எல்லாம் ஒரே திசைக்குத் திரும்பும்போது, வெளிப்புலத்தோடு சேர்ந்து இன்னும் 1.2, 1.3 டெஸ்லா அளவு உள்ளிருந்தே கிளம்புகிறது. சுழல் மின்னோட்டத்துக்கு இரண்டும் ஒன்றுதான். புலம் காயிலிலிருந்து வந்ததா, டொமைன் திரும்பியதால் வந்ததா என்று அது பார்ப்பதில்லை. மொத்த மாற்றம் எவ்வளவு வேகம் என்பதுதான் கணக்கு.

அந்த மாற்றம் எப்போது நடக்கிறது என்பது காந்தத்தின் வகையைப் பொறுத்தது. இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். நியோடிமியத்தில் முதல் முறை காந்தமாக்கும்போது துகள்களுக்குள் டொமைன் சுவர்கள் தடையில்லாமல் நகரும். புலம் கொஞ்சம் ஏறியதுமே பெரும்பகுதி திரும்பிவிடும்; மிச்சம் மீதியைத் திருப்பத்தான் 2.5, 3 டெஸ்லா தேவை. ஆகவே பலமான சுழல் மின்னோட்டம் பல்ஸின் ஆரம்பத்திலேயே வந்து, உச்சம் வருவதற்குள் தேய்ந்துவிடும். உச்சத்தில் உள்ளே எவ்வளவு புலம் கிடைத்தது என்பதுதான் முக்கியம் என்பதால் இது நமக்குச் சாதகம். 2:17 சமாரியம்-கோபால்ட்டில் கதை தலைகீழ். அங்கே டொமைன் சுவர்கள் ஆணி அடித்ததுபோல் பிடித்துவைக்கப்பட்டிருக்கும். புலம் காந்த நீக்குத்திறனுக்கு (காந்தத்தன்மையை நீக்கத் தேவையான எதிர்ப்புலத்தின் அளவு) பக்கத்தில் போகும்வரை பெரிதாக எதுவும் திரும்பாது. போனதும் மொத்தமாகத் திரும்பும். அதாவது பெரிய மாற்றம் பல்ஸின் உச்சத்தை ஒட்டி நடக்கிறது. உள்பகுதி நிறைய அதற்குப் பிறகு மிச்சமிருக்கும் நேரமோ கொஞ்சம். ஒரே அளவுள்ள இரண்டு காந்தங்களில் சமாரியம்-கோபால்ட்டுக்கு அதிகப் புலம் மட்டும் போதாது, உச்சத்தில் கொஞ்சம் நேரமும் வேண்டும்.

சரி, காந்தத்தின் பங்கு இவ்வளவுதான். இனி சுற்றியிருக்கும் உலோகத்துக்கு வருவோம்.

செம்பு நியோடிமியத்தைவிடச் சுமார் 90 மடங்கு நன்றாகக் கடத்தும். அலுமினியம் சுமார் 55 மடங்கு. மேலே சொன்ன இறங்கு நேரமும் அதே விகிதத்தில் கூடும் என்பதை நினைத்துப் பாருங்கள். 50 மி.மீ. விட்டமுள்ள காந்தத்தின் மேல் 3 மி.மீ. தடிமனில் ஓர் அலுமினிய உறை மாட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மெல்லிய குழாய்க்கு இறங்கு நேரம் ஆரத்தையும் தடிமனையும் பொறுத்தது. இந்த உறைக்கு அது ஏறத்தாழ 1.7 மில்லி விநாடி வருகிறது. காந்தத்துக்கு வந்த 0.1 மில்லி விநாடியைப் போலப் பதினேழு மடங்கு! 2 மில்லி விநாடிப் பல்ஸ் அடித்தால் உள்ளே போய்ச் சேரும் உச்சப் புலம் வெளியே இருப்பதில் பாதிகூட இல்லை, சுமார் 46 சதவீதம்தான். அதுவும் வெளிப்புலம் உச்சத்தைத் தாண்டி இறங்கத் தொடங்கிய பிறகு வருகிறது. 10 மில்லி விநாடிப் பல்ஸ் அடித்தால் 88 சதவீதம் உள்ளே போய்விடும். உறையை மாற்றவில்லை, வோல்டேஜையும் கூட்டவில்லை. நேரம் மட்டும்தான் மாறியது.

ஆனால் எல்லா உறைக்கும் பயப்பட வேண்டியதில்லை. காந்தத்தின் மேல் இருக்கும் நிக்கல்-செம்பு-நிக்கல் முலாம் பத்து, இருபது மைக்ரான் தடிமன்தான்; அதன் தாமதம் சில மைக்ரோ விநாடிகள். மறந்துவிடலாம். 1 மி.மீ. துருப்பிடிக்காத எஃகு உறையும் இருபது மைக்ரோ விநாடிப் பக்கம்தான் வரும், ஏனென்றால் அந்த எஃகு சுமாராகத்தான் மின்சாரம் கடத்தும். தடித்த அலுமினியம், தடித்த செம்பு, மூடிய வளையம் இந்த மூன்றும் சேரும் இடத்தில்தான் ஆபத்து.

இதை நான் கற்றுக்கொண்டது மோட்டாரின் சுழலி (ரோட்டார்) ஒன்றைச் செய்த வேலையில். காந்தத்தை அலுமினிய உறைக்குள் ஒட்டிவிட்டு அதன் பிறகு காந்தமாக்குவது என்று முடிவாகியிருந்தது. வெறும் காந்தத்தை வைத்துப் பார்த்தபோது எல்லாம் ஒழுங்காக இருந்தது. உறையோடு வைத்தபோது காந்தப் பாய்வை அளக்கும் ஃப்ளக்ஸ் மீட்டர் காட்டிய எண் வெகுவாகக் குறைந்தது. வோல்டேஜைக் கூட்டினோம், எண் கொஞ்சம் ஏறியது. இன்னும் கூட்டினோம், இன்னும் கொஞ்சம் ஏறியது. நான்காவது நாள் காயிலின் இன்சுலேஷன் போய்விட்டது. அப்புறம்தான் ஆற அமர உட்கார்ந்து யோசித்தோம். தலைமுடி மாதிரி மெல்லிய எனாமல் கம்பியை உறைக்கு உள்ளே, காந்தத்தைச் சுற்றி ஒரே ஒரு சுற்று சுற்றி, இரண்டு முனையையும் முறுக்கி வெளியே எடுத்தோம். உறைக்கு வெளியேயும் அதேபோல் ஒரு சுற்று. இரண்டையும் இன்டக்ரேட்டர் (கம்பியில் வரும் வோல்டேஜைக் கூட்டிக்கூட்டிப் புல அளவாக மாற்றும் சுற்று) வழியாக ஆசிலோஸ்கோப்பில் போட்டு, வோல்டேஜைக் குறைத்து ஒரு பல்ஸ் அடித்தோம். திரையில் இரண்டு மேடுகள் வந்தன. முதல் மேடு உயரமாகவும் கூர்மையாகவும் இருந்தது. இரண்டாவது அதில் பாதி உயரம், வலப்பக்கம் தள்ளிச் சோம்பலாக ஏறி இறங்கியது. அந்த ஒரு படத்தைப் பார்த்ததும் யாரும் எதுவும் பேச வேண்டியிருக்கவில்லை. உறையில் நீளவாக்கில் அரை மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு வெட்டு போட்டு எபாக்சி நிரப்பியதும், பழைய வோல்டேஜிலேயே காந்தம் முழுதாக நிறைந்தது.

அந்த வெட்டு ஏன் வேலை செய்கிறது என்றால், சுழல் மின்னோட்டத்துக்கு மூடிய பாதை வேண்டும். வளையத்தை அறுத்துவிட்டால் மின்னோட்டம் உறையின் தடிமனுக்குள்ளேயே போய்த் திரும்ப வேண்டும். அந்தச் சிறிய சுற்றால் பெரிதாக எதிர்க்க முடியாது. மின்மாற்றிக் கருவைத் தகடு தகடாக அடுக்குவதும் இதே காரணத்துக்காகத்தான். 1855-இல் லியோன் ஃபூக்கோ காந்தத் துருவங்களுக்கு நடுவே செம்புத் தட்டைச் சுழற்றி, அதைச் சுழற்ற அதிக பலம் தேவைப்படுவதையும் தட்டு சூடாவதையும் காட்டியதிலிருந்து, இதற்கு எதிரான வைத்தியம் மாறவே இல்லை: பாதையை அறு.

ஒலிபெருக்கி இதற்கு இன்னொரு நல்ல உதாரணம். ஃபெரைட் வளையம், அதன் மேல் ஒரு எஃகுத் தகடு, கீழே ஒரு எஃகுத் தகடு, நடுவில் எஃகுக் கம்பம். வழக்கமாக எல்லாவற்றையும் ஒட்டி முடித்த பிறகுதான் காந்தமாக்குவார்கள். ஃபெரைட்டில் சுழல் மின்னோட்டம் இல்லை என்று மேலே சொன்னேன் அல்லவா? ஆனால் அந்த எஃகுத் தகடுகள் திண்மமானவை, நன்றாகக் கடத்துபவை, உட்புகுதிறனும் மிக அதிகம். 2 மில்லி விநாடிப் பல்ஸுக்குச் சமமான 250 ஹெர்ட்ஸ் அளவிலான மாற்றம் அப்படிப்பட்ட எஃகுக்குள் அரை மில்லிமீட்டர்கூட இறங்காது. புலம் பலமாக இருப்பதால் எஃகின் மேல்படலம் நிறைந்து, அந்த நிறைவு மெல்ல மெல்ல உள்ளே நகர்ந்துதான் முழுத் தடிமனும் புலத்தைக் கடத்த ஆரம்பிக்கிறது. எனவே சுழல் மின்னோட்டமே இல்லாத காந்தத்துக்கும் நீண்ட பல்ஸ் தேவைப்படுகிறது. ஒலிச் சிதைவைக் குறைக்க நடுக்கம்பத்தைச் சுற்றிச் செம்பு மூடியோ அலுமினிய வளையமோ போட்ட ஒலிபெருக்கி என்றால் கேட்கவே வேண்டாம். ஒலி நேரத்தில் புல மாற்றத்தை எதிர்க்க வேண்டும் என்றே போட்ட வளையம் அது. காந்தமாக்கும் நேரத்திலும் அந்த வேலையைத்தான் செய்யும்.

எஃகு விஷயத்தில் ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். நிறைவு உள்ளே நகரும் வேகம் வெளிப்புலம் எவ்வளவு பலம் என்பதையும் பொறுத்தது. ஆகவே திண்ம எஃகு மட்டும் தடையாக இருக்கும்போது வோல்டேஜைக் கூட்டுவதும் ஓரளவு கைகொடுக்கும். அலுமினியத்திலும் செம்பிலும் அப்படி இல்லை. அவை எப்போதும் ஒரே விகிதத்தைத்தான் உள்ளே விடும். அங்கே வோல்டேஜைக் கூட்டினால் உள்ளே போவது கூடும், ஆனால் அதே அளவுக்குக் காயிலின் பாடும் கூடும். புலம் தரும் அழுத்தம் அதன் வர்க்கத்தில் ஏறுகிறது. 3 டெஸ்லாவிலேயே அது சுமார் 35 வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம். உறை நடுவில் சரியாக உட்காராமல் ஒரு பக்கம் தள்ளியிருந்தால் சுழல் மின்னோட்டம் அதைக் காயிலிலிருந்து வெளியே எறிந்துவிடும். சின்டர் காந்தம் மண்பாண்டம் போல உடையக்கூடியது. பிடிமானம் இல்லாமல் பல்ஸ் அடிக்கவே கூடாது.

பல துருவங்கள் கொண்ட சுழலிகளில்தான் உண்மையான இக்கட்டு வருகிறது. துருவங்கள் நெருக்கமாக இருப்பதால் காந்தமாக்கும் கம்பியைத் தாங்கும் ஃபிக்ஸ்சரின் காடிகளில் ஓரிரு சுற்றுக் கம்பிதான் கொள்ளும். இண்டக்டன்ஸ் (மின்னோட்ட மாற்றத்தைக் காயில் எதிர்க்கும் அளவு) குறைவு, ஆகவே பல்ஸ் தானாகவே குறுகிவிடும். நீட்டலாம் என்றால் அந்த மெல்லிய கம்பி வெப்பம் தாங்காது. காந்தமோ மெல்லிய வளையம்தான், அதில் பிரச்சினை இல்லை. ஆனால் அதன் பின்னால் இருக்கும் சுழலிக் கரு திண்ம எஃகாக இருந்தால், குறுகிய பல்ஸுக்கு அது புலம் திரும்பிவரும் நல்ல பாதையாக இருப்பதில்லை. புலத்தை வெளியே தள்ளும் சுவராகிவிடுகிறது. புலம் காந்தத்தின் உட்பக்கம்வரை இறங்காமல் பக்கவாட்டில் வளைந்து அடுத்த துருவத்துக்குப் போய்விடும். காந்தத்தின் வெளிப்பக்கம் நிறைந்து, கருவை ஒட்டிய உட்பக்கம் குறையாக நிற்கும். புலத்தை அளக்கும் ஹால் புரோபை வெளியே வைத்து அளந்தால் துருவங்கள் ஓரளவு சரியாகவே தெரியும் என்பதால் இது எளிதில் கண்ணில் படாது. கருவை லேமினேஷனாக, அதாவது தகடு தகடாக, வைப்பது, அல்லது காந்த வளையத்தைத் தகட்டுக் கரு போட்ட ஃபிக்ஸ்சரில் தனியாகக் காந்தமாக்கிவிட்டு அப்புறம் சுழலியில் ஏற்றுவது, இவை இரண்டுமே நல்ல வழி. இரண்டாவதில் இரும்புத்தூள் ஒட்டும், பொருத்தும்போது விரல் நசுங்கும் என்ற தொல்லைகள் உண்டு. இருந்தாலும் குறை காந்தத்தை மோட்டாருக்குள் அனுப்புவதைவிட இது மேல்.

குறை காந்தத்தை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், முழுதாக நிறையாத நியோடிமியம் இன்று ஐந்து சதவீதம் குறைவாகக் காட்டுவதோடு நிற்காது. திரும்பாமல் மிச்சமிருக்கும் டொமைன்கள் எதிர்ப்புலத்துக்கும் வெப்பத்துக்கும் எளிதில் பணிந்துவிடும். சோதனை மேசையில் தேறிவிட்ட காந்தம், மோட்டார் சூடாகி ஓடும்போது திரும்பி வராத அளவுக்குப் பலம் இழக்கும்.

பல்ஸை நீட்டுவது எப்படி என்று பார்ப்போம். பல்ஸின் அகலம், இண்டக்டன்ஸையும் கெபாசிட்டன்ஸையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து அதை π-ஆல் (3.14) பெருக்கியதற்குச் சமம். கெபாசிட்டரை நான்கு மடங்காக்கி வோல்டேஜைப் பாதியாக்கினால், மின்தடையை ஒதுக்கிவைத்துப் பார்த்தால், அதே உச்ச மின்னோட்டம் கிடைக்கும், அகலம் இரண்டு மடங்காகும், சேமித்து வைக்க வேண்டிய ஆற்றலும் மாறாது. இதைக் கேட்டதும் பலர் நம்பமாட்டார்கள். ஆற்றலுக்கான சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் நேராக வந்துவிடும். இன்னொரு வழி, காயிலில் அதே செம்பு அளவில் மெல்லிய கம்பியாக இரண்டு மடங்கு சுற்றுகள் போடுவது. அதே புலத்துக்குப் பாதி மின்னோட்டம் போதும். அதே கெபாசிட்டர், அதே வோல்டேஜ், ஆனால் இரண்டு மடங்கு அகலம். மின்னோட்டத்தைத் திறந்துவிடும் சுவிட்சான தைரிஸ்டருக்கும் இது சுகம்.

இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை. அகலம் இரண்டு மடங்கானால் காயில் வாங்கும் வெப்பமும் இரண்டு மடங்கு. மேலும் எந்தக் காயிலுக்கும் அதன் இண்டக்டன்ஸை மின்தடையால் வகுத்த ஒரு நேரம் இருக்கிறது. பல்ஸ் அதைத் தாண்டினால் ஆற்றலில் பெரும்பங்கு செம்பைச் சூடாக்கவே போய்விடும். சுற்றுகளைக் கூட்டினால் இந்த நேரம் மாறாது. செம்பின் மொத்த அளவைக் கூட்டினால்தான் மாறும். நீண்ட பல்ஸ் கொடுக்கும் காயில்கள் எல்லாம் கனமாக இருப்பது இதனால்தான்.

காயிலுக்கு இணையாக ஒரு ஃப்ரீவீலிங் டயோடு போட்டால், உச்சத்துக்குப் பிறகு மின்னோட்டம் சட்டென்று விழாமல் வால்போல நீண்டு இறங்கும். உள்ளே இருக்கும் புலம் வெளிப்புலத்தைவிடத் தாமதமாகத்தான் உச்சத்தைத் தொடுகிறது என்பதால் இந்த வால் நமக்கு உதவுகிறது. மின்னோட்டம் திசைமாறி ஓடி, ஏற்றிய காந்தத்தையே இறக்கிவிடும் அபாயத்தையும் இது தடுக்கிறது.

உங்கள் காந்தத்தில் சுழல் மின்னோட்டம்தான் குற்றவாளியா என்று உறுதிசெய்ய, எதையும் அறுக்காமல், உள்ளே கம்பி நுழைக்காமல் ஒரு சோதனை செய்யலாம். ஒரே அளவுள்ள, இதுவரை காந்தமாக்காத துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பல்ஸ், ஒவ்வொன்றுக்கும் வேறு உச்சப் புலம். பிறகு ஹெல்ம்ஹோல்ட்ஸ் காயிலும் ஃப்ளக்ஸ் மீட்டரும் வைத்து மொத்தக் காந்தத் திருப்புத்திறனை (காந்தத்தின் மொத்த பலத்தை) அளந்து வரைபடம் போடுங்கள். அப்புறம் பல்ஸ் அகலத்தை மாற்றி, புதிய துண்டுகளோடு இதே வரிசையை மறுபடி செய்யுங்கள். இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தால் சுழல் மின்னோட்டத்தால் உங்களுக்குத் தொல்லை இல்லை. புலம் போதவில்லை என்றால் புலத்தை மட்டும் கூட்டுங்கள். குறுகிய பல்ஸின் கோடு வலப்பக்கம் தள்ளியிருந்தால் குற்றவாளி அதுதான். பல்ஸ் புலத்தில் காந்தத் தயக்க வளைவை (புலம் ஏறி இறங்கும்போது காந்தம் எப்படி மாறுகிறது என்பதன் வரைபடம்) அளக்கும் கருவிகளிலும் இதே யோசனையைத்தான் பயன்படுத்துகிறார்கள்: இரண்டு வெவ்வேறு அகலத்தில் அளந்து, மாற்றமே இல்லாத மெதுவான புலத்தில் என்ன வந்திருக்கும் என்று கணக்கில் பின்னோக்கிப் போகிறார்கள்.

இன்னொரு சின்ன அடையாளம்: அதே வோல்டேஜில் இரண்டாவது பல்ஸ் அடித்ததும் அளவு கணிசமாக ஏறினால் சந்தேகப்படுங்கள். முதல் அடியில் பெரும்பாலான டொமைன்கள் திரும்பிவிட்டதால் இரண்டாவது அடியில் மொத்தப் புல மாற்றம் குறைவு, எதிர்ப்பும் குறைவு, உள்ளே கொஞ்சம் அதிகம் போகிறது. இரண்டாவது அடிக்கு முன் காயிலை ஆறவிடுங்கள். சூடான செம்பின் மின்தடை கூடி உச்ச மின்னோட்டம் குறைந்துவிட்டால் இந்தச் சோதனையே பொய்யாகிவிடும்.

கேட்டவருக்கு நேரடியாகச் சொல்ல வேண்டுமானால்: உங்கள் காந்தம் 50 மி.மீ.க்குள், தனியாக, நியோடிமியமாக இருந்தால் 2 அல்லது 3 மில்லி விநாடிப் பல்ஸே போதும், நடுப்பகுதியைப் பற்றிக் கவலை வேண்டாம். 100 மி.மீ. பக்கம் போனால் 8 முதல் 10 மில்லி விநாடிக்குக் குறையாமல் வையுங்கள். அலுமினியமோ செம்போ சுற்றி மூடியிருந்தால், காந்தத்தின் அளவை விட்டுவிட்டு அந்த உறையின் இறங்கு நேரத்தை முதலில் கணக்கிட்டு, பல்ஸ் அகலத்தை அதைப்போல ஐந்தாறு மடங்காக வையுங்கள். அது முடியாது என்றால் உறையில் ஒரு வெட்டு போட முடியுமா என்று வரைபடம் போடுபவரிடம் இப்போதே கேளுங்கள். அச்சு செய்து முடித்த பிறகு கேட்டால் யாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.